வராத நன்கொடைக்கு ஒரு நன்றி

கொடுக்காத பணத்துக்கு நன்றி தெரிவித்து அறுபத்திரண்டு பேருக்குத் தபால் கார்டு எழுதியவன் நான். காய்ச்சல் வேகத்தில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, நெற்றிக்கு விபூதி இட்டுக்கொண்டு, முழு நினைவோடு உட்கார்ந்து எழுதினேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது அசட்டுத்தனம் செய்தால் என்னைத்தான் அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள்.

எண்பதுகளின் பின்பாதி அது. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் போய்வரும் குமாஸ்தா நான். இரும்புலியூரிலிருந்து சைக்கிள் மிதித்தால் கால் மணி நேரத்தில் ஒரு கல்குவாரி வரும். அங்கே ஜல்லி உடைக்கும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. ரயில் சிநேகிதர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு சங்கம் பதிவு செய்து, அதை நடத்திவந்தோம். நடத்திவந்தோம் என்பது சும்மா பெருமைக்கு. நடத்தியது அங்கிருந்த அக்கா. அவரும் ஜல்லி உடைத்தவர்தான். ஒரு நாள் வெடி வைத்தபோது சில்லு தெறித்து ஒரு குழந்தையின் நெற்றி கிழிந்தது. அன்றே சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருடம் கீற்று மக்கிப்போயிருந்தது. ஐப்பசி மழை இறங்குவதற்குள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டாக வேண்டும். தரை நனைந்தால் எந்தத் தாயும் பிள்ளையை இங்கே விடமாட்டாள், மறுபடியும் ஜல்லிக் குவியல் பக்கத்திலேயே கிடத்திக்கொள்வாள் என்று அக்கா சொல்லிவிட்டார். நிதி திரட்டும் பொறுப்பு எனக்கு. ஏன் எனக்கு என்றால், சங்கத்திலேயே எனக்குத்தான் கையெழுத்து அழகாக இருக்கும்.

மூன்று மாதம் தெருத் தெருவாக அலைந்தேன். போன வீடெல்லாம் காபி கிடைத்தது. கூடவே 'பார்க்கலாம்' என்ற ஒரு வார்த்தையும் கிடைத்தது. எனக்கு அப்போதெல்லாம் சோகமாகப் பேசினால்தான் பணம் வரும் என்று எண்ணம். குரலைத் தழைத்து, கண்ணைச் சுருக்கிப் பேசுவேன். ஒரு வீட்டில் எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தார்கள்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. 'பார்க்கலாம்' என்று சொன்ன அத்தனை பேருக்கும், 'தாங்கள் மனமுவந்து அளித்த நூறு ரூபாய்க்கு நன்றி' என்று முன்கூட்டியே எழுதிவிடுவது. வெட்கப்பட்டாவது கொடுத்துவிடுவார்கள் அல்லவா? செலவும் குறைவு, கார்டு பதினைந்து பைசா.

கார்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வரும் சமாசாரம் என்பது மட்டும் என் மூளைக்கு எட்டவில்லை. தபால்காரர் படிப்பார், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வைத்துப் படிப்பார், பெண்டாட்டி படிப்பாள். பெயர் எழுதியிருப்பவர்தான் கடைசியாகப் படிப்பார்.

புதன்கிழமை ரயிலில், 'பார்க்கலாம்' என்று சொல்லியிருந்த ஒரு சிநேகிதர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வருமான வரிக்குக் காட்ட வேண்டுமாம், நூறு ரூபாய்க்கு ரசீது கேட்டார். நீங்கள் இன்னும் கொடுக்கவே இல்லையே சார் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து என் கார்டை எடுத்து நீட்டினார்.

"நீங்களே எழுதியிருக்கீங்களே சார், உங்க கையெழுத்துதானே?"

கிண்டி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அது சின்ன அடி. பெரிய அடி சனிக்கிழமை மத்தியானம் குடையோடு வந்தது. கொட்டகையில் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். வந்தது எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரின் மனைவி. கார்டில் நான் குத்தியிருந்த சங்க முத்திரையைப் பார்த்து விலாசம் கண்டுபிடித்து வந்திருக்கிறார். ஆறு மாதமாக மிக்ஸி ரிப்பேருக்குக் காசு இல்லை என்று சொன்ன மனுஷன், ஊர்ப் பிள்ளைகளுக்கு நூறு ரூபாய் தூக்கிக் கொடுத்திருக்கிறாரே என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

"எங்க வீட்டு நூறு ரூபாய எதுல போட்டிருக்கீங்க, அதைக் காட்டுங்க," என்றார் என்னிடம்.

நான் நாலு பக்கமும் பார்த்தேன். மூலையில் ஒரு புதுப் பாய் இருந்தது. யாரோ புண்ணியவான் கொடுத்தது. என் கை தானாக அதை நோக்கி நீண்டது. அதற்குள் அக்கா பேசிவிட்டார்.

"உங்க வூட்டு துட்டு இன்னும் வர்லமா. வர்றதுக்கு முன்னாடியே இந்த சாரு தேங்ஸ் எழுதிக்கினாரு."

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் அரை அடி குறைந்தேன். மூன்று நாளாகப் புருஷனை வறுத்தெடுத்திருக்கிறார். அவர் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தும் நம்பவில்லையாம். சொல்லிவிட்டுத் தூணோரம் உட்கார்ந்தார். குடையை எந்தக் கையில் பிடித்திருக்கிறார் என்று கவனித்துக்கொண்டே நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

அந்த நேரம் குவாரியில் விசில் ஊதியது. வெடி வைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். படுத்திருந்த பிள்ளைகள் ஒன்று விடாமல் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டன. இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று மட்டும் தன் காதை விட்டுவிட்டு, தூணோரம் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளிடம் தத்தித் தத்திப் போய், அவர் காது இரண்டையும் பொத்தியது. புது ஆளுக்குத் தெரியாது என்று நினைத்ததோ என்னவோ. என் காதைப் பொத்த யாரும் வரவில்லை.

வெடித்தது. மக்கிய கீற்றிலிருந்து தூசி கொட்டியது. அந்த அம்மாள் குழந்தையை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, கூரைக்கு எத்தனை ஷீட்டு வேண்டும் என்று அக்காவிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மீன்பாடி வண்டியில் ஷீட்டுகள் வந்தன. பின்னாலேயே மளிகைக்கடைக்காரர் சைக்கிளில் வந்தார். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "நூறு ரூபாயோட முடிஞ்சிருக்கும் சார், அன்னிக்கே குடுத்திருக்கலாம்."

அதன் பிறகு எங்கள் சங்கத்தில் யாரும் யாரிடமும் பணம் கேட்கவில்லை. அந்த அம்மாளே வியாழக்கிழமைதோறும் தெருப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். வெடி வைக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வருவார், அவ்வளவு விவரம். வந்தவர்கள் திரும்பிப் போகும்போது அடுத்த தடவை என்ன கொண்டுவரட்டும் என்று அவர்களாகவே கேட்டார்கள். ஒருத்தர் பால் பவுடர், ஒருத்தர் பழைய புடவையில் தைத்த தூளி. நான் மூன்று மாதம் தொண்டை வற்றப் பேசிக் கிடைக்காததெல்லாம் கிடைத்தது. சங்கத்தில் எனக்கு வேறு பொறுப்பு கொடுத்தார்கள். ஜி.எஸ்.டி. சாலை பஸ் நிறுத்தத்தில் நின்று, வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டும். பேசக் கூடாது.

ஐப்பசி முதல் மழை ஒரு மத்தியானம் அடித்துக் கொட்டியது. ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டுச் சைக்கிளில் தொப்பலாக நனைந்துபோய்ச் சேர்ந்தேன். கொட்டகைக்குள் ஒரு சொட்டு இல்லை. இருபத்துச் சொச்சம் பிள்ளைகளும் காய்ந்த தரையில் வரிசையாகக் கிடந்தன. ஒரு தாய்கூடப் பிள்ளையைக் குவாரிக்குத் தூக்கிப்போகவில்லை. எனக்கு நெஞ்சு விம்மியது. சட்டையிலிருந்து தண்ணீர் வடிய நடுவில் நின்றுகொண்டு, என்ன இருந்தாலும் நான் செய்த கிறுக்குத்தனத்தால்தானே அக்கா இந்தக் கூரை வந்தது என்று கேட்டேன். ஒரு பாராட்டு வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

அக்கா தலையைத் தூக்காமல் சொன்னார்:

"அப்பால போய் நில்லு சார், புள்ள மேல சொட்டிகினு கீற."