பேரும் தெருவும்

புளியங்கொட்டை அளவுதான் இருக்கும் அந்த மைக். சட்டைக் காலரில் குத்திக்கொள்வது, வயர் கிடையாது. என் குடோன் மேசை இழுப்பறையில் சாவிக் கொத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. என் தங்கை மகள் என்னிடம் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

என்னைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன். பர்மாவில், போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை சுமந்து, பிறகு தார்ப்பாயும் கயிறும் விற்று, சொந்தக் குடோன் கட்டினேன். வாசலில் என் பெயரைத் தமிழிலும் பர்மியிலும் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன்; ஆற்றில் போகிற படகிலிருந்தே படிக்கலாம். எவனுக்கும் பயந்து வாயை மூடியவன் இல்லை நான் என்று எத்தனையோ கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன்.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. போனிலேயே செய்தி எடுக்கக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தாள். பல நாட்டுப் பிள்ளைகள் இன்டர்நெட்டில் கூடுகிற வகுப்பு. அதில் பாலஸ்தீனப் பெண் ஒருத்தி சிநேகிதியானாள். அந்தப் பெண் எதைப் பேசினாலும் முதலில் தன் பெயரையும் தெருவையும் சொல்வாளாம். "வீடே போச்சு மாமா அவளுக்கு. தெருப் பேரை மட்டும் விடமாட்டேங்குறா. நமக்குத் தெரு இருக்கு, பேசத்தான் ஆளைக் காணோம்" என்றாள்.

அந்த மழைக்காலத்தில் யாரோ கட்டட இடிபாட்டைக் கொட்டி எங்கள் தெருச் சாக்கடையை அடைத்துவிட்டார்கள். தங்கை வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். தெருவாசிகள் பெயர் சொல்லிப் பேசுவதைப் படமெடுத்து வார்டு ஆபீசுக்குக் கொடுக்க வேண்டும், எல்லோரும் பார்க்க இன்டர்நெட்டிலும் போட வேண்டும் என்று கிளம்பினாள். தன் வீட்டில் என்னை உட்காரவைத்து, காலரில் மைக்கைக் குத்தி, "உங்க குடோன் எதிர்லதானே கொட்டுனாங்க, பார்த்தீங்களா மாமா?" என்றாள்.

"மதிபூ" என்றேன். தெரியாது என்பதற்குப் பர்மியில் அப்படித்தான். துறையில் பிழைத்த எங்கள் ஆட்கள் அதிகம் சொன்ன சொல்லும் அதுதான்.

"அவ்ளோ பெருசா பேரு எழுதி வச்சிருக்கீங்க, வாயில வரமாட்டேங்குதா?" என்று சிரித்தாள்.

வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். காலரில் மைக் இருந்ததை மறந்தேபோனேன். படியிறங்கும்போது என்பாட்டுக்குப் புலம்பினேன்: "லாரிக்காரன் நம்ம வாடிக்கை. கண்ணால பார்த்தேன்தான், அதுக்காக அவனைக் காட்டிக்கொடுக்க முடியுமா?"

மறுநாள் காலையில் போனோடு வந்து என் குரலை எனக்கே போட்டுக் காட்டினாள். பிறகு என் கண் முன்னாலேயே அதை அழித்தாள். "இது நீங்க குடுத்தது இல்ல மாமா, தவறி விழுந்தது. பேரும் தெருவும் சொல்லிக் குடுக்காத பேச்சை நான் எடுக்கமாட்டேன். அம்மாகிட்டயும் சொல்லமாட்டேன்." மைக்கை நீட்டினேன், வாங்கவில்லை. "மனசு மாறுனா இதையே மாட்டிக்கிட்டு வாங்க."

நான் போகவில்லை. பெரியவரே பேசவில்லையே என்று மற்றவர்களும் பின்வாங்கினார்கள். அவள் மட்டும் தன் பெயரையும் தெருவையும் சொல்லிப் பேசினாள். வார்டு ஆட்கள் வந்து சாக்கடையைத் தோண்டிவிட்டார்கள். அடுத்த வாரமே, அந்தப் பெயரைக் கேட்டு, அந்தத் தெருவுக்கே பட்டாளத்து ஆட்கள் தேடி வந்தார்கள். அதற்குள் அவள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள். ஊருக்கு வடக்கே இன்சீனில் ஒரு சிநேகிதி வீட்டில் இருந்தாள், அங்கிருந்து எல்லைப் பக்கம் போனாள் என்று கேள்வி. இரண்டு வருடமாகச் சேதி இல்லை. அவள் பெயரோடு பத்துப் பெயர் இருந்திருந்தால், எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று வந்தவர்களும் கொஞ்சம் நின்று யோசித்திருப்பார்கள்.

தங்கை தினமும் குடோனுக்கு வருகிறாள். "ஏதாவது தெரிஞ்சுதாண்ணே?" மதிபூ என்கிறேன். இப்போது அது உண்மை.

இன்று காலை இழுப்பறையைத் திறந்து மைக்கை எடுத்துக் காலரில் குத்திக்கொண்டேன். அதில் சார்ஜ் செத்து எத்தனை நாளோ. ஆளில்லாத குடோனில் என் பெயரைச் சொன்னேன். தெருவைச் சொன்னேன். எந்த லாரி, யாருடைய லாரி, எல்லாம் சொன்னேன். திரும்பினால், கதவருகே தங்கை.

"அப்பவே உனக்குத் தெரியுமாண்ணே?"

மதிபூ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. காலரில் மைக் இருந்தது.

"தெரியும்மா" என்றேன்.