கோடுகளுக்கு நடுவே கிடந்த பனிக்கட்டி

வடகிழக்குச் சீனாவில் எங்கள் ஷென்யாங் நகரத்தில் குளிர்காலத்தில் சைக்கிளிலிருந்து விழுவது குற்றமில்லை. விழுந்தவர் சிரிக்காமல் இருப்பதுதான் குற்றம். ஒருவர் விழ வேண்டும், பின்னால் வருகிறவர்கள் அவர் மேல் விழ வேண்டும், பிறகு எல்லாரும் எழுந்து பின்புறத்தைத் தட்டிக்கொண்டு, "இன்னிக்கு என் பங்கு முடிஞ்சுச்சு" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும். யார் மேலும் யாருக்கும் வருத்தம் கிடையாது. இதைப் பெரிய பெருந்தன்மை என்று எங்கள் ஆட்கள் பெருமையடித்துக்கொள்வார்கள். எனக்குக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பெருந்தன்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. யாரும் யாரையும் கேள்வி கேட்காமல் இருக்க எல்லாருமாகச் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு அது.

மெங் குவாங்லான் சிரிக்கவில்லை. அதனால் அவளுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

மெங் அக்காவும் நானும் ஒரே மாடியில் குடியிருந்தோம். இரண்டு வீட்டு அடுப்பும் நடைபாதையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரே வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை. நான் கீழே மணல் அச்சு தட்டுகிறவள். அவள் மேலே, கூரையை ஒட்டி ஓடும் கிரேனை ஓட்டுகிறவள். உருகிய இரும்பு ததும்பும் கொப்பரை எங்கள் தலைக்கு மேலே போகும். புதிதாக வந்தவர்கள் பயந்து ஒதுங்குவார்கள். பழைய ஆட்கள் அண்ணாந்து பார்த்து, "மேல யாரு, மெங்கா? அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தின்றுகொண்டிருந்த ரொட்டியைத் தொடர்ந்து தின்பார்கள். ஒரு மனுஷிக்கு இதைவிட வேறென்ன பட்டம் வேண்டும்?

கோபம் அவளுக்கு மூக்கு நுனியில்தான் இருக்கும். முட்டைக்கோஸ் வரிசையில் எவனாவது நடுவில் புகுந்தால் அவன் கூடையை எடுத்து வரிசைக் கடைசியில் வைத்துவிட்டு வருவாள். கணவர் ரயில் ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கும் நாள் குறைவு. "அந்த மனுஷன் பொழச்சார்" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவளும் சிரிப்பாள். ஆக, அவளுக்குச் சிரிக்கவே தெரியாது என்று பிற்பாடு ஊரில் சொன்னதெல்லாம் அப்பட்டமான பொய்.

பனி பெய்தால் எங்கள் ஊரில் ஒவ்வொரு ஆலையும், கடையும், பள்ளிக்கூடமும் தன் பங்குத் தெருவைச் சுத்தம் செய்ய வேண்டும். விடிந்ததும் எல்லாரும் மண்வெட்டியோடு இறங்கிவிடுவார்கள். உன் பங்கு எதுவரை, என் பங்கு எதுவரை என்பதற்குச் சுவரில் கோடு போட்டிருக்கும். எங்கள் ஆலைக்குப் போகிற வழியில் ஒரு பொதுக் குளியல் கூடமும் அதையொட்டி ஒரு தானியக் கடையும் இருந்தன. குளியல் கூடத்தார் தங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டார்கள். தானியக் கடையார் தங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டார்கள். இரண்டும் ஒரே கோடாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நடுவில் ஒரு ஆள் கையை விரித்தால் எட்டுகிற அகலத்துக்கு ஒரு துண்டுத் தெரு யார் பங்கிலும் சேராமல் கிடந்தது. அதே இடத்தில்தான் குளியல் கூடத்து ஓட்டைக் குழாயிலிருந்து தண்ணீர் ராப்பகலாகச் சொட்டும். சொட்டிச் சொட்டி உறைந்து, கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு மேடு. அதற்கு இந்தப் பக்கமும் தரை தெரியச் சுரண்டியிருக்கும், அந்தப் பக்கமும் தரை தெரியச் சுரண்டியிருக்கும். நடுவில் கண்ணாடி.

ஒழுங்காகச் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தால்கூட ஜனங்கள் மெதுவாக வந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்ததால்தான் நம்பி மிதித்தார்கள்.

அப்படி ஒரு காலை அக்கா எனக்கு இரண்டு சைக்கிள் முன்னால் போனாள். அவள் கவனம் இல்லாதவள் கிடையாது. பனியில் சறுக்காமல் இருக்க டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கியிருந்தாள், இருக்கையையும் தாழ்த்தியிருந்தாள், பிரேக்கைத் தொடவே இல்லை. முந்தின இரவு தூவிய மெல்லிய பனி அந்த மேட்டை மூடியிருந்தது. முன்சக்கரம் சறுக்கியது. வேறு சமயமாக இருந்தால் கையை ஊன்றியிருப்பாள். ஆனால் குளிருக்காகக் கைப்பிடியோடு சேர்த்துத் தைத்திருக்கும் பஞ்சு உறைக்குள் கை இருந்தது. சைக்கிள் ஒரு பக்கம் திரும்ப, உடம்பு இன்னொரு பக்கம் போக, வலது கை உறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பின்னால் வந்தவன் பிரேக் பிடித்தான், முட்டாள். அவன் அவள் மேல் விழுந்தான். நான் அவன் மேல் விழுந்தேன். எனக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

வழக்கம்போல எல்லாரும் சிரித்தார்கள். சாப்பாட்டுப் பெட்டி திறந்து சோறும் புளித்த முட்டைக்கோஸும் சிதறியதைப் பார்த்து ஒருவன், "அக்கா, காலைலயே விருந்து வச்சிட்டீங்களே!" என்றான்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. தொங்கிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

"இது யாரோட பனிக்கட்டி?" என்று கேட்டாள்.

சிரிப்பு இன்னும் கூடியது. பனிக்கட்டிக்கு யாராவது சொந்தக்காரன் இருப்பானா?

மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்ட மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு குளியல் கூடத்துக்குப் போனாள். அங்கே பொறுப்பாளர் தியான் என்று ஒருவர், எந்நேரமும் தோளில் துண்டோடு, அவித்த உருண்டை மாதிரி இருப்பார்.

"அட, மெங்கா! வாம்மா, டீ குடி. கை எப்படி இருக்கு?"

"டீ வேணாங்க. ஒங்க குழாய்த் தண்ணில விழுந்தேன். அது ஒங்க தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போயிடறேன்."

"தண்ணி எங்களுதுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா விழுந்த எடம் எங்க கோட்டுக்கு அந்தப் பக்கமாச்சே! வேணும்னா வந்து பாரு. எங்க பங்குல ஒரு பொட்டுப் பனி இருக்கா?"

"அப்ப எந்தப் பக்கம்?"

"யின் அம்மாவப் போய்க் கேளு."

தானியக் கடையில் யின் அம்மா சோளமாவு அளந்துகொண்டே பேசினாள். ஏறிட்டும் பார்க்கவில்லை. "எங்க கோட்டத் தாண்டி நாங்க ஏன் வெட்டணும்? தண்ணி எங்க கடைலேர்ந்தா வருது? நாங்க என்ன குளிப்பாட்டியா அனுப்புறோம்?"

"வெட்டச் சொல்லி வரல. கண்ணுக்கு முன்னாடி தெனம் ஆளுங்க விழறாங்க, பாத்துக்கிட்டு இருந்தது தப்புதான்னு சொல்லுங்க. அது போதும்."

"எல்லாருந்தான் விழறாங்க. நானும் போன வாரம் விழுந்தேன். சிரிச்சிட்டு எந்திரிச்சேன். நீ என்ன, பட்டத்து ராணியா?"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு அந்த மாவுப் படியைப் பிடுங்கி அவள் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது.

அக்கா விடவில்லை. நாள் தவறாமல் போனாள். இவர் அவளைக் கைகாட்டினார், அவள் இவரைக் கைகாட்டினாள். அக்கா நஷ்டஈடு கேட்கவில்லை, மன்னிப்புக் கடிதம் கேட்கவில்லை. "தப்பு எங்களுது" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். அதைச் சொன்னால் வாய் வெந்துவிடுமா? தெருவில் அவளுக்கு 'வழக்கு மெங்' என்று பெயர் வைத்தார்கள். குழந்தைகள் வேண்டுமென்றே அவள் முன்னால் சறுக்கி விழுந்து, "இது யாரோட பனிக்கட்டி?" என்று கூவினார்கள். பெரியவர்கள் அதட்டவில்லை, ரசித்தார்கள்.

கட்டு அவிழ்த்தபோது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. நெம்புகோலைப் பிடித்தால் விரல் நடுங்கியது. பட்டறைத் தலைவர் நல்ல மனுஷர், தயங்கித் தயங்கித்தான் சொன்னார், "மெங், கீழ ஆளுங்க நிக்கிறாங்கம்மா. நீயே யோசி."

அவள் யோசிக்கவே இல்லை. "வேணாங்க, நான் ஏற மாட்டேன்" என்று உடனே சொல்லிவிட்டாள். கருவிகள் வைக்கும் அறையில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். அன்றைக்கு வேறு ஆள் ஓட்ட மேலே கொப்பரை நகரும்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து ஒதுங்கினார்கள். அவள் அதைக் கம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

அடுத்த பெரும்பனி பெய்த காலை. குளியல் கூடத்தார் தங்கள் கோடு வரை சுரண்டினார்கள். தானியக் கடையார் தங்கள் கோடு வரை சுரண்டினார்கள். அளவெடுத்த மாதிரி இருவரும் நிறுத்தினார்கள். அக்கா ஆலையிலிருந்து ஒரு கடப்பாரையைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். நடுவில் போய் நின்று, இடது கையால் அந்த மேட்டைக் குத்த ஆரம்பித்தாள். இரண்டு பக்கமும் அத்தனை பேர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் போய்ச் சேர்ந்துகொண்டேன். வேறு ஒருவரும் வரவில்லை. "அடியம்மா, நல்லா வெட்டுறியே, அப்படியே எங்க வாசலுக்கும் வா!" என்று தியான் சத்தம் போட்டார். வெட்டிய இடத்தில் வழுக்காமல் இருக்க எங்கள் அடுப்புச் சாம்பலைக் கொட்டிவிட்டு வேலைக்கு ஓடினோம்.

குழாய் சொட்டிக்கொண்டுதானே இருந்தது? மேடு திரும்ப வளரும். அக்கா திரும்ப வெட்டுவாள். அந்த வழியாகப் போகிறவர்கள் விழாமல் போனார்கள். யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. விழாமல் இருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்?

ஒருநாள் தெருக் குழுவின் தலைவி பான் அத்தை, கையில் பதவிக்கு அடையாளமான சிவப்புப் பட்டையோடு, பெயிண்ட் டப்பாவும் தூரிகையுமாக வந்தாள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே சுவரில் பெரிதாக எழுதினாள்: மெங் குவாங்லான்.

எழுதிவிட்டு ஏதோ பரிசு கொடுக்கிறவள் மாதிரி திரும்பிச் சிரித்தாள். "கண்ணு, இனிமே சண்டையே இல்ல பாரு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. இந்த எடம் இனி ஒன்னோட பங்கு!"

அக்கா தெருவே நிற்கிற மாதிரி கத்தினாள். "அப்படியே அந்தக் குழாயையும் என் பேர்ல எழுதிக் குடுங்க! சொட்டற தண்ணியையும் எழுதிக் குடுங்க! என் ஒடஞ்ச கைய மட்டும் யார் பேர்ல எழுதப்போறீங்க?"

பான் அத்தை டப்பாவை மூடிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். நான் அந்தப் பெயரைச் சுரண்டியே தீருவேன் என்று நின்றேன். அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

குளிர்காலம் முடியப்போகிற சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. கணவர் ஊரில் இல்லை. நான்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஒரு இளைஞன், பீர் ஆலைச் சட்டை, மோவாய் கிழிந்து கழுத்துத்துணியெல்லாம் ரத்தம். கோணிப்போன சைக்கிள் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தான்.

"இங்க யாரு மெங் குவாங்லான்?"

"நான்தான்" என்றாள் அக்கா. போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து கதவருகே வந்தாள்.

"சுவத்துல பேரு மட்டும் கொட்ட எழுத்துல போட்டுக்கத் தெரியுதுல்ல? வெட்டறதுக்கு என்ன கேடு? இங்க பாருங்க, மோவாய! இந்தச் சக்கரத்தப் பாருங்க! செத்திருப்பேன்! வீட்டுக்குள்ள கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க!"

நான் கரண்டியோடு பாய்ந்தேன். "டேய், யாருகிட்ட பேசறோம்னு தெரியுமாடா ஒனக்கு? குளியல் கூடத்துக்காரன் கிட்டப் போய்க் கேளுடா! இவ கையப் பாருடா, இந்தக் கை..."

"தாவோ, நீ சும்மா இரு" என்றாள் அக்கா. என்னை ஒதுக்கிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா தம்பி. அது என்னோட பங்குதான். நேத்தே வெட்டியிருக்கணும். காய்ச்சல்னு படுத்துட்டேன், யார்கிட்டயும் சொல்லியும் விடல. தப்பு என்னுதுதான். ரொம்ப வலிக்குதா?"

அவன் வாயைத் திறந்தான். இன்னும் நிறையத் திட்டச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருப்பான். ஆனால் சக்கரத்தை மெதுவாகக் கீழே இறக்கினான். "இல்லக்கா... அவ்வளவா இல்ல. வேகமா வந்தது நானுந்தான்" என்றான். அக்கா அவனை நிலக்கரிப் பெட்டி மேல் உட்கார வைத்து, வெந்நீரில் துணியை நனைத்து மோவாயைத் துடைத்துவிட்டாள். அவன் போகும்போது, "ஒடம்பப் பாத்துக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கதவு மூடியதும் நான் வெடித்தேன். "ஒனக்குப் பைத்தியமாக்கா? ஒன் தப்பா அது? எதுக்குக்கா ஒத்துக்கிட்ட?"

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். அப்படி ஒரு கோபத்தை அவள் முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"எவ்வளவு நேரம்டி ஆச்சு? நீதான பக்கத்துல நின்ன, சொல்லு. தப்பு என்னுதுன்னு நான் சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அவன் எறங்கிப் போயிட்டான் பாரு. இதத்தானடி நானும் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, கோணல் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.