வக்கீல் ஆபீஸ் நாற்காலி

பாரிஸ்டர் ஆக வேண்டுமென்றால் முதலில் ஒரு வக்கீல் ஆபீஸில் போய் உட்கார் என்று அப்துல் கையூமுக்குச் சொல்லாதவர்கள் சிராங்கூன் சாலையில் யாருமில்லை. பால்காரர் சொன்னார், பலசரக்குக் கடைக்காரர் சொன்னார், டன்லப் தெருப் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். அவர்களில் ஒருவர்கூட லண்டனைப் பார்த்ததில்லை. ஆனால் யோசனை சொல்வதற்கு யாரும் எங்கும் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதில்லையே.

எல்லாரையும்விட அதிகமாகச் சொன்னவர் அப்துல் மஜீது. கையூமின் மனைவி ஜைனபுக்கு அண்ணன். கைலிக்கடை வைத்திருந்தார்.

"மச்சான், துரை ஆபீஸ்ல இத்தனை வருஷம் இருந்தேன்னு மனுவில ஒரு வரி எழுது. லண்டன்காரன் கப்பல் அனுப்பி உன்னைக் கூட்டிக்கிட்டுப் போவான்" என்றார்.

கையூம் சொன்னபடி கேட்டார். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறிய கையோடு, 1901-இல், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஆங்கிலேய வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். தமிழிலும் மலாயிலும் வரும் பத்திரங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது அவர் வேலை. கோர்ட்டில் சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலங்களையும் அவர்தான் எழுதுவார். வாக்குமூலம் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். பெயர், இருக்கும் இடம், தொழில். அதற்குப் பிறகுதான் சங்கதி.

எட்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்தார், லத்தீன் படித்தார். பிறகு, பாரிஸ்டர் படிப்புக்கு மாணவர்களைச் சேர்க்கும் லண்டன் சங்கம் ஒன்றுக்கு மனு எழுதினார். எட்டு வருட குமாஸ்தா வேலையை முதல் பத்தியிலேயே பெருமையாகப் போட்டார்.

பதில் சுருக்கமாக வந்தது. வக்கீலிடம் குமாஸ்தாவாக இருப்பவரை மாணவராகச் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் விதி. அந்த வேலையை முழுவதுமாக விட்டு ஒரு மாதமாவது ஆனபின், விட்டதற்கு முதலாளியின் அத்தாட்சியோடு மறுபடி மனுச் செய்யலாம் என்று எழுதியிருந்தார்கள்.

மஜீதால் நம்ப முடியவில்லை. "இது என்ன கூத்து? கசாப்புக் கடையில வேலை பார்த்தவன் கையில கத்தியைக் கொடுக்க மாட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கே!" என்றார். ஒரு வாய் காப்பி குடித்ததும் தெளிந்துவிட்டார். "சரி மச்சான். வேலையை விடு. மறுபடி போடு."

அடுப்படியிலிருந்து ஜைனப் வெளியே வந்து அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். "நானா, உட்காருன்னு சொன்னதும் நீங்க. எழுந்திரின்னு சொல்றதும் நீங்க. உங்க கடை மட்டும் ஒரே இடத்துல இருக்கு."

கையூம் வேலையை விட்டார். ஜைனப் விடியற்காலையில் இடியப்பம் அவித்து வாசலில் வைத்து விற்றாள். தெருவில் போகிறவர்கள் இடியப்பம் வாங்கும்போதே, "பாரிஸ்டர் எழுந்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கையூம் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். துரை நல்ல மனிதர். கேட்டால் கையெழுத்துப் போடுவார். விதி கேட்டபடி வேலையை விட்டு ஒரு மாதமாவது ஆகட்டும், அதற்குப் பிறகு அத்தாட்சி கேட்கலாம் என்று காத்திருந்தார்.

அந்த மாதம் முடிவதற்குள் துரையே ஆளனுப்பினார். ஒரு தமிழ் உயில், மறுநாள் கோர்ட்டுக்குப் போக வேண்டும், படிக்க ஆளில்லை, ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போ என்று சொல்லியனுப்பினார். வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் கையூம் போயிருக்க மாட்டார். கையெழுத்துக் கேட்டுப் போகப்போகிறவர் எப்படி இல்லையென்று சொல்வார்?

போனார். பழைய நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உயிலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பெயர்ப்பு சரியானது என்று பெயர்த்தவரே சத்தியம் செய்து ஒரு வாக்குமூலம் தரவேண்டும். அதையும் எழுதினார். எட்டு வருடப் பழக்கம் மூளையைக் கேட்டுக்கொண்டா எழுதும்? அப்துல் கையூம், டன்லப் தெரு, இன்ன வக்கீலின் குமாஸ்தா. கோர்ட்டு அதிகாரி முன்னால் குர்ஆனைத் தொட்டு, இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் மாதம் முடிந்ததும், மனுவோடும் கையெழுத்துக்காகத் தானே எழுதிவைத்த அத்தாட்சியோடும் துரையிடம் போனார். மறுநாள் தபால் கப்பல் கிளம்பும். துரை எழுந்து கை கொடுத்தார். அந்த உயில் வழக்கு ஜெயித்துவிட்டதாம். கையூமின் பெயர்ப்பை நீதிபதியே பாராட்டினாராம். பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு அத்தாட்சியைப் படித்தார். 'கடந்த மாதம் முதல் இவர் என்னிடம் எந்த விதத்திலும் குமாஸ்தாவாக இல்லை' என்ற வரியில் நின்றுவிட்டார். மேசைமேல் இருந்த வழக்குக் கட்டை அவிழ்த்து, அந்த வாக்குமூலத்தின் கையெழுத்திட்ட பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"கையூம், இது உன் கையெழுத்துதானே?"

கையூம் பார்த்தார். 'குமாஸ்தா' என்ற சொல்லில் கண் நின்றது.

"துரை, பழக்கத்தில் எழுதிவிட்டேன். நீங்கள் கூப்பிட்டீர்கள், வந்தேன். வந்தது ஒரு மணி நேரம்."

"எனக்குத் தெரியும். நீ வாயால் சொன்னால் நான் நம்புவேன். ஆனால் நீ சத்தியம் செய்து சொல்லியிருக்கிறாயே." துரையின் குரலில் கோபமில்லை. அதுதான் கையூமுக்குத் தாங்கவில்லை. "நீ அன்று குமாஸ்தா இல்லை என்று இப்போது நான் எழுதிக் கொடுத்தால், கோர்ட்டில் கொடுத்த இந்த வாக்குமூலம் பொய்ச் சத்தியம் ஆகிவிடும். உனக்கும் கேடு, என் கட்சிக்காரருக்கும் கேடு. அன்றிலிருந்து ஒரு மாதம் எண்ணினால் இந்த வருடச் சேர்க்கை முடிந்துவிடும், அடுத்த வருடம் பார்க்கலாம். அதுவரைக்கும் ஏன் சும்மா இருக்கிறாய்? திங்கட்கிழமை வந்துவிடு."

தொலைத்தவரே தேடித் தருகிறேன் என்று கூட வந்தால் எப்படி இருக்கும்? கையூமுக்கு அப்படி இருந்தது. அந்தச் சத்தியத்தில் வழக்கு ஜெயித்தது. ஜெயித்தவர் வீட்டில் விருந்துகூட நடந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜைனப் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். திங்கட்கிழமை வரச் சொன்னதை மட்டும் கையூம் சொன்னார். அவள் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டாள். மஜீது மட்டும், "மனசை விடாதே மச்சான், அடுத்த வருஷம் மறுபடி போடு" என்றார். கையூம் அன்று முதல்முறையாக அவருக்குப் பதில் சொன்னார். "நானா, நீங்க கைலி வில்லுங்க."

அடுத்த வருடம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. நாற்காலியை விட்டால் அத்தாட்சி கிடைக்கும். ஆனால் விட்டுவிட்டுக் காத்திருக்க இன்னொரு தடவை வீட்டைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

பிறகு ஒருநாள் பாலகிருஷ்ணன் வந்தான். எருமைச் சாலையில் இருக்கிறவன், அந்த வருடம்தான் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். "அண்ணே, நானும் லண்டனுக்கு மனுப் போடப்போறேன். முதல்ல உங்க ஆபீஸ்ல உட்காரச் சொல்லி எல்லாரும் சொல்றாங்க. துரையும் வரச் சொல்லிட்டாரு."

"உட்காராதே" என்றார் கையூம். "துறைமுகத்துல மூட்டை தூக்கு, மாட்டு வண்டி ஓட்டு, அதுக்கெல்லாம் அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அந்தப் படியில மட்டும் ஏறாதே." விதியைச் சொன்னார். தான் கெட்ட கதையையும் ஒன்று விடாமல் சொன்னார்.

பாலகிருஷ்ணன் பணிவாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "நீங்க தினமும் ஏறுறீங்களே, அண்ணே. நாற்காலிக்கு இன்னொருத்தன் வந்துடுவான்னு பயமா?"

"லண்டன் கடுதாசி வீட்டுல இருக்கு. வா, காட்டுறேன்."

"அது உங்களுக்கு வந்த கடுதாசி, அண்ணே. எனக்கு வேற மாதிரி எழுதுவாங்க."

திங்கட்கிழமை கையூமின் மேசைக்கு எதிரே இன்னொரு நாற்காலி போட்டிருந்தார்கள். பாலகிருஷ்ணன் புதுக்கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். முதல் வேலையாக, ஒரு தமிழ்ப் பத்திரத்தை அவன் பெயர்க்க வேண்டியிருந்தது. அதற்கான வாக்குமூலத்தை எழுதத் தொடங்கினான். பெயர் எழுதினான், இடம் எழுதினான். நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, தொழில்னு இருக்கிற இடத்துல நான் என்ன போடணும்?"

கையூம் மைக்கூட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"குமாஸ்தான்னு போடு" என்றார்.