கஜானி வாசித்த பாடம்

சறோஜினிதேவி அக்கா இப்போது நெடுந்தீவில் படிப்பிக்கிறார். விடியுமுன் கரம்பொன்னில் இருந்து வெளிக்கிட்டு, குறிகாட்டுவானில் படகேறி, கடல் கொந்தளித்தால் வாந்தியும் எடுத்து, மணி அடிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருகிறார். "பதவி உயர்வோ?" என்று என்னிடம் கேட்ட ஆளுக்கு நான் அடிக்காமல் விட்டதே பெரிய காரியம். ஆனால் அவரை அங்கே அனுப்பியதில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் பள்ளிக்கூடத்தின் விசேட கல்வி வகுப்பு அவர் ஒருவராலேயே ஓடியது. பிள்ளைகள் ஐந்து பேர். நான் பக்கத்து அறையில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பேச்சு வராத தன் தம்பி நிசாந்தன் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே பத்தொன்பது வயதில் செத்துப்போனான் என்று அக்கா ஒருமுறை சொன்னார். பிறகு அதைப் பேசவில்லை. பதினொரு வயதுக் கஜானி தன் பையைத் தானே ஆணியில் மாட்டப் பழக எட்டு மாதம் எடுத்தது. மாட்டிய அன்று அக்கா எங்கள் எல்லோருக்கும் ரொபி இனிப்புக் கொடுத்தார். சிலர் சிரித்தார்கள், நானும்தான்.

ஓர் உதவி ஆசிரியை, கழிவறையில் பிடித்து நடக்க ஒரு கம்பி, மாதம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி கொடுக்க ஓர் ஆள். இவற்றைக் கேட்டு நான்கு வருடம் கடிதம் எழுதினார். கடைசியில் மேலிடத்திலிருந்து பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன தேவை என்று அக்கா இரண்டு பக்கத்தில் எழுதிவைத்தார்.

எங்கள் பக்கத்தில் அதிகாரி வந்தால் குறையைக் காட்டுவது மரியாதை இல்லை. வாசலில் வாழை கட்டவேண்டும், கட்லெட் பொரிக்கவேண்டும், பிள்ளைகள் கைகட்டி இருக்கவேண்டும். அவர்கள் வருவதற்கு முதல்நாள் பள்ளிக்கூட அதிபர் சிவபாதம் அக்காவின் வகுப்பில் வந்து நின்றார்.

"இந்தப் பிள்ளையள் கத்தினால் வாறவை என்ன நினைப்பினம்? நாளைக்கு வரவேண்டாமெண்டு சொல்லும். மூண்டாம் வகுப்பிலையிருந்து அஞ்சு கெட்டிக்காரரை இருத்துவம்."

"சேர், இவையைப் பாக்கத்தானே வருகினம்?" என்றார் அக்கா.

"இவ்வளவு காலமும் என்ன படிப்பிச்சனீர் எண்டு கேட்டால்? நல்லதைக் காட்டினால்தான் தருவினம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் என் வகுப்புக்குப் போனேன். எண்ணெய் வைத்து ஒழுங்காக வாரிய தலைகளாகப் பார்த்து ஐந்து பேரைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தேன். அக்கா தன் பிள்ளைகளின் ஐந்து வீட்டுக்கும் போய், நாளைக்கு அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் வரவு இடாப்பில் கஜானியின் பெயரைக் கூப்பிட்டதும் என் வகுப்புத் துர்க்கா எழும்பினாள். முழுப் பாடத்தையும் மூச்சு விடாமல் வாசித்தாள். வந்தவர்கள் கைதட்டினார்கள். அக்கா எழுதிய தாள்கள் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தன.

மூன்று கிழமையில் அறிக்கை வந்தது. கஜானி சரளமாக வாசிக்கிறாள். பிள்ளைகள் சாதாரண வகுப்புக்குத் தேறிவிட்டார்கள். தனி வகுப்பு இனித் தேவையில்லை. திறமையான இந்த ஆசிரியையை ஆள் பற்றாத இடத்துக்கு அனுப்பலாம். நாங்கள் காட்டியதைத்தானே அவர்கள் எழுதினார்கள்! உண்மையைச் சொல்லுவோம் என்று அக்கா அதிபரிடம் போனார்.

"சொன்னால் என்ரை வேலையும் போகும், உம்மடை வேலையும் போகும்," என்றார் அவர்.

தனி வகுப்பை மூடினார்கள். கஜானி என் வகுப்புக்கு வந்தாள். முப்பத்துநான்கு பிள்ளைகளுக்கு நடுவில் நான் அவளை எப்படிக் கவனிப்பது? நான்காம் நாள் சிறுநீரில் நனைந்த சட்டையோடு நின்று அழுதாள். மற்றப் பிள்ளைகளோடு துர்க்காவும் சேர்ந்து சிரித்தாள். ஐந்தாம் நாள் கஜானி வரவில்லை. ஏன் என்று கேட்டு நான் ஆளனுப்பவும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நெடுந்தீவுக்குப் போகுமுன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அக்கா என்னையும் கஜானி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தாய் வாசல் படலையைத் திறக்கவில்லை.

"நாங்கள் அனுப்பத்தானே இருந்தனாங்கள் ரீச்சர். அவை பாக்க வந்த அண்டைக்கு நீங்கள்தானே வரவேண்டாமெண்டு சொன்னனீங்கள்."

அக்கா வந்ததைக் கண்ட கஜானி வீட்டுக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது தோளில் பள்ளிக்கூடப் பை இருந்தது. படலை இடுக்கால் கையை நீட்டி, அக்காவின் சேலையைப் பிடித்துப் பள்ளிக்கூடப் பக்கம் இழுத்தாள்.