ரிவர்ஸில் நிறுத்துகிறவன்

என் தம்பி வைகுண்டராஜன் இருபத்துமூன்று வருடமும் ஏழு மாதமும் ஒரே ஒரு கம்பெனியின் காரை மட்டும் பழுது பார்த்தவன். அந்தக் காருக்கு இந்தியாவில் கடை கிடையாது. அந்தக் கம்பெனியும் இப்போது கிடையாது. இந்த இரண்டு விவரமும் என்னைவிட நன்றாகத் தெரிந்த பிறகும், அவன் துபாயிலிருந்து வந்து எங்கள் ஊர் கருங்கல்லில் அந்தக் காருக்கென்று ஒர்க்‌ஷாப் திறந்தான். அவன் புத்தியைப் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஊரில் அவனைப் பற்றிப் பேசுவதில் பாதி தப்பு. தப்பாகப் பேசுகிறவர்கள் அவன் கால் தூசிக்கு ஆகமாட்டார்கள்.

காரின் பெயர் சாப். செய்தவர்கள் ஸ்வீடன் நாட்டுக்காரர்கள். முதலில் விமானம் செய்துகொண்டிருந்தார்களாம். உலக யுத்தம் முடிந்து விமானம் கேட்க ஆள் குறைந்ததும், கார் செய்யலாமே என்று உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களில் பலருக்குக் கார் ஓட்டவே தெரியாது என்று தம்பி சொல்வான். அதைப் பெருமையாகச் சொல்வான். அடுப்பு மூட்டத் தெரியாதவள் கல்யாணச் சமையலுக்கு அச்சாரம் வாங்கியது போல எனக்குத் தோன்றும். முதலில் வந்த வண்டிகள் எல்லாம் ஒரே பச்சை. விமானத்துக்கு வாங்கிய பெயிண்ட் மிச்சம் கிடந்ததாம்.

உலகத்தில் எல்லா வண்டிக்கும் சாவி ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும். இவர்கள் அதை இரண்டு சீட்டுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். மோதினால் கால் முட்டில் சாவி குத்தக் கூடாது என்று காரணம். அதோடு விட்டிருக்கலாம். கியரை ரிவர்ஸில் தள்ளினால்தான் சாவி வெளியே வரும் என்று ஒரு பூட்டும் வைத்தார்கள். கள்ளன் உருட்டிக்கொண்டு போக முடியாதாம்.

இந்தக் கோணல்களையெல்லாம் புத்திசாலித்தனம் என்று நினைக்கவும் உலகத்தில் ஆள் இருந்தது. புரொபசர்கள், டாக்டர்கள், வீட்டுப் படம் வரைகிற இஞ்சினியர்கள். டர்போ என்று ஒன்றைப் பொருத்தி, சின்ன இஞ்சினில் பெரிய வேகம் காட்டியதும், பத்து வருடம் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சமயத்தில்தான், 1988 மே மாதம், நாகர்கோவில் கோணத்தில் ஐடிஐ முடித்த என் தம்பி துபாயில் அந்தக் காரின் ஏஜென்சியில் சேர்ந்தான். எங்கள் குடும்பத்தில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் அவன்தான்.

அடுத்த வருடமே கம்பெனிக்குக் கையில் காசில்லாமல் போய்விட்டது. அமெரிக்காவின் பெரிய கம்பெனி ஒன்று பாதியை வாங்கியது. பிறகு மீதியையும் வாங்கியது. வாங்கிய பிறகு, வேறு வண்டியின் அடித்தட்டில் இவர்கள் காரின் உடம்பை வைத்து விற்றார்கள். புரொபசர்களுக்கு அது பிடிக்கவில்லை. மற்றவர்களுக்கு அந்தக் கார் முன்பே பிடிக்காது. கடைசியில் அமெரிக்காக்காரன் அதைக் கை கழுவினான். கையளவு இருந்த இன்னொரு கம்பெனி வாங்கிப் பார்த்தது. 2011 டிசம்பர் பத்தொன்பதாம் தேதி திவால். தம்பி அன்றைக்கு எனக்குப் போன் செய்து, “எக்கா, போச்சு” என்றான். யார் செத்தது என்று கேட்டுக்கொண்டே நான் அழத் தொடங்கிவிட்டேன். காரென்று தெரிந்ததும் போனை வைத்துவிட்டேன்.

ஏஜென்சிக்காரன் அவனை வேறு கார் பார்க்கச் சொன்னான். இவன் மாட்டேன் என்று டிக்கெட் போட்டு வந்துவிட்டான். என் வீட்டை ஒட்டி, ரோட்டைப் பார்த்த ஏழு சென்டில் ஷெட் போட நான் சம்மதித்தேன். அது என் தப்பு.

போர்டு எழுத வந்தவன் ஐயப்பன். தம்பி காகிதத்தில் ‘ராஜன் சாப் ஒர்க்சாப்’ என்று எழுதிக் கொடுத்திருந்தான். மறுநாள் போய்ப் பார்த்தால் ‘ராஜன் ஒர்க்சாப்’ என்று பளபளவென்று நிற்கிறது.

“ஒரு சாப் எங்கலே?” என்றான் தம்பி.

“சாப் ரெண்டு தடவ வந்திருந்து அண்ணாச்சி. தப்புன்னு ஒண்ண எடுத்திட்டேன்.”

“முத சாப் வேற, ரெண்டாவது சாப் வேறலே.”

“ரெண்டும் சாப்புதானே.” ஐயப்பன் என்னைப் பார்த்தான். “எக்கா, நீங்களே சொல்லுங்க. கடையில ‘டீ கட டீ கட’ன்னா எழுதுவாவ?”

நான் எட்டாம் வகுப்பு. இருந்தாலும் எனக்கு ஐயப்பன் சொன்னது சரியாகப் பட்டது.

போர்டைப் பார்த்து ஆட்கள் வந்தார்கள். மாருதி வந்தது, ஜீப் வந்தது. தம்பி ஒவ்வொருவரிடமும் நின்று, தான் சாப் டெக்னீஷியன் என்று விளக்கித் திருப்பி அனுப்பினான். ஐந்து மாதம் அவன் கையில் கிரீஸ் படவில்லை. அவன் மனைவி அஜிதா வாயைத் திறக்கவில்லை. அவள் அண்ணன் சிவபிரசாத் திறந்தான். கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறான். ஏசி போட்ட அறையில் உட்கார்ந்து அரிசி விற்பதால் தன்னை முதலாளி என்று நினைப்பு. சவூதியில் ஒரு லேபர் கேம்பில் வாட்ச்மேன் விசா இருக்கிறது, ஐம்பது வயதில் இதுவே பெரிது என்று சொன்னான்.

“கேட்ட தொறக்கணும், கேட்ட அடைக்கணும். அம்புட்டுதான் மச்சான். மண்டையே வேண்டாம்.”

என் தம்பிக்கு மண்டை இருக்கிறது, அதைத் தப்பான இடத்தில் செலவழித்துவிட்டான் என்று நான் சொல்லலாம். அரிசிக்கடைக்காரன் சொல்லக் கூடாது. ஆனாலும் பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி, திங்கட்கிழமை, நாகர்கோவிலில் ஏஜெண்ட் ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் ஷெட்டுக்கு ஒரு வழி பிறக்காவிட்டால் அவன் கேட் திறக்கப் போக வேண்டியதுதான்.

வழி என்று தம்பி நம்பியது ஞானசிங் டாக்டரின் காரை. இங்கிலாந்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று நாகர்கோவிலில் இருக்கிறவர். வரும்போது தன் சாப் காரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். இந்த மாவட்டத்துக்கு அது ஒன்றுதான். ஒன்பது வருடமாக ஒரு மெக்கானிக்கும் தொடவில்லை. தொட்டவர்களும் சாவி போடும் ஓட்டையைத் தேடியே நேரத்தைப் போக்கினார்கள். தம்பி ஊரில் இருப்பது தெரிந்து, லாரியில் ஏற்றி அனுப்பினார். நான்கு மாதம் வேலை. அந்த நான்கு மாதமும் அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவன் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. அஜிதாவும் இதைக் கவனித்திருக்கிறாள். இருபத்துநாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரத்தில் பழைய கார்க்காரர்கள் கூடுகிறார்கள், அங்கே கேரளாவிலிருந்து ஆறேழு சாப் வரும், அத்தனை பேருக்கும் உன்னை அறிமுகப்படுத்துகிறேன் என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆறேழு காரை நம்பி ஒரு பிழைப்பு. ஆனால் கேட் திறப்பதைவிட அது மேல் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை கார் தயார். சாயங்காலம் டாக்டர் எடுக்க வருவதாக இருந்தது. துடைத்து, ரோட்டைப் பார்த்து ஷெட்டில் நிறுத்தியிருந்தான். காலை ஆறரை மணிக்கு ஒரு குட்டியானை மினிலாரி, நிறைய மீனோடு, எங்கள் வாசலுக்கு நேராக இருமி இருமி நின்றது. இறங்கியவர் கடியப்பட்டணத்து மீன் வியாபாரி ஏசுஅடிமை. நாற்பது வயது, தொண்டை மட்டும் நான்கு ஆளுக்கு உண்டு.

“அண்ணே, வண்டியப் பாருமே. எட்டு மணிக்குள்ள மார்த்தாண்டம் சந்தையில எறக்கணும். ஐஸு உருகுகு.”

தம்பி கையைக் கட்டிக்கொண்டு, “நான் சாப்புதான் பாப்பேன்” என்றான்.

“செரி, ரோட்டுல வச்சு பாக்கமாட்டீரு. சாப்புக்குள்ளயே தள்ளிட்டு வாறேன். அதுக்கு எதுக்குவே மொறைக்கியரு?”

சொன்னதோடு நிற்காமல், பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு வண்டியை முற்றத்துக்குள் தள்ளி, டயருக்கு ஒரு கல்லையும் வைத்துவிட்டார். மீன் தண்ணீர் சொட்டியது. தம்பி மூக்கைப் பிடிக்காத குறை.

நான் பொறுத்தது போதும் என்று போனேன். “பாருலே. திங்கக்கிழம வாட்ச்மேனா போறவனுக்கு இன்னைக்கு என்ன சாதி மேன்ம கெடக்கு, வண்டியில?”

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு குனிந்தான். டீசல் ஃபில்டரில் தண்ணீர் நின்றது. கழற்றி, வடித்து, காற்றை எடுத்து, மாட்டினான். இருபத்திரண்டு நிமிடம். இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஜங்ஷன் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஏசுஅடிமை நேரே ரோட்டில் ஏற வசதியாக, பின்பக்கமாகவே முற்றத்துக்குள் எடுத்து, டாக்டரின் காருக்கு ஆறடி முன்னால் நிறுத்தினான். ஏசுஅடிமை கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அது எதுக்குவே? இது என்ன மாட்டு வண்டியா?” என்று கல்லைக் காலால் தள்ளிவிட்டு, சாவியை அவர் கையில் கொடுத்து, சோப்புப் போட்டுக் கை கழுவ உள்ளே போனான் தம்பி.

இருபத்துமூன்று வருடம் ரிவர்ஸில் தள்ளிச் சாவி எடுத்த கை. எந்த வண்டியானாலும் அது தானாக ரிவர்ஸுக்குப் போகும். அவனுக்கே தெரியாது. எங்கள் பக்கத்திலோ வண்டியை நியூட்ரலில் விடுவதுதான் வழக்கம்; வழி மறித்தால் யாராவது தள்ளி நிறுத்திக்கொள்வார்கள், கல் இருக்கவே இருக்கிறது. மீன் வண்டிகளில் ஹேண்ட்பிரேக் பெயருக்குத்தான். நியூட்ரலில்தானே நிற்கிறது என்று கடற்கரைக்காரர்கள் ஏறி உட்காரும் முன்பே, ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி, பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏசுஅடிமையும் வெளியே நின்றபடி திருப்பினார்.

வண்டி பின்னால் பாய்ந்தது. டாக்டரின் காரில் இரண்டு விளக்கும் நொறுங்கின. பானெட் மடங்கியது. மேலே இருந்த பெட்டி சரிந்து, வாவல் மீன் ஒவ்வொன்றாக அந்தப் பானெட்டில் வழுக்கி இறங்கியது.

தம்பி சோப்புக் கையோடு ஓடி வந்தான்.

“கியர்ல யாருவே வண்டிய விடுவா?” என்றார் ஏசுஅடிமை.

“நியூட்ரல்ல யாருவே விடுவா?” என்றான் தம்பி.

“ஊரே விடுகு!”

“உலகமே விடாது!”

அங்கே ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது, இங்கே பிழைப்பு நொறுங்கிக் கிடக்கிறது. இரண்டு மடையன்களும் ஒரு கியருக்காக நியாயம் பேசினார்கள். நான்தான் மீனைப் பொறுக்கிப் போட்டு ஏசுஅடிமையை அனுப்பினேன்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். பழியை மீன்காரன் மேல் போடச் சொல்லி அஜிதா கண்ணைக் காட்டினாள். தம்பி, “என் தப்பு ஸார். வண்டிய ரிவர்ஸ்ல விட்டது நான்தான்” என்றான். வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவனை வளர்த்தவள் நான் என்பதை அந்த ஒரு நிமிடம் ஊருக்கே சொல்லத் தோன்றியது.

டாக்டர் விளக்கின் உடைந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். “இனி இதெல்லாம் கிடைக்காது, இல்லியா?”

“தேடலாம் ஸார். ஒரு வருஷம் ஆகலாம்.”

“வேண்டாம் ராஜன். மகள் ரொம்ப நாளா ஜப்பான் வண்டி வாங்கச் சொல்லுகா.”

அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் நிம்மதி இருந்தது, நான் பார்த்தேன். தன் காருக்காக உயிரை விடுவதாகப் பேசிய புரொபசர்களும் டாக்டர்களும் அந்தக் கம்பெனியை எப்படிக் கைவிட்டிருப்பார்கள் என்று எனக்கு அன்று புரிந்தது. இவர்களுக்காகத்தான் அந்த விமானக்காரர்கள் சாவியை நடுவில் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி எழுந்திருக்கவில்லை. பதினொரு மணிக்கு ஏசுஅடிமையின் சத்தம் கேட்டது. பின்னால் இன்னொரு குட்டியானை.

“அண்ணே, எனக்க வண்டி நேத்து ஒரு இடத்துலயும் நிக்கல்ல பாத்துக்கும். இது மச்சினனுக்க வண்டி. இதும் முக்குகு. நேத்தய நட்டத்துக்கு நான் என்ன செய்யணும்னு சொல்லும், செய்யுகேன். முதல்ல இதப் பாரும்.”

தம்பி பனியனோடு வெளியே வந்தான். டாக்டரின் காரைப் பார்த்தான். மீன் வண்டியைப் பார்த்தான். “எத்தன நாளா முக்குகு?” என்று கேட்டான். இரவல் வாங்கியதுபோல் இருந்தது அந்தக் குரல். ஆனாலும் கேட்டான்.

திங்கட்கிழமை காலை முற்றத்தில் ஏசுஅடிமை சொல்லி அனுப்பிய நான்கு மீன் வண்டிகள் நின்றன. ஒன்பதரைக்கு சிவபிரசாத் வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கினான். ஒரு வண்டிக்கு அடியிலிருந்து தம்பியின் கால் மட்டும் தெரிந்தது.

“மச்சான், துணி மாத்தலியா? பத்தரைக்கு ஆபீஸ்ல நிக்கணும்.”

“வேல கெடக்கு.”

“மீன் வண்டியா? துபாய்ல புரொபசருக்க வண்டி பாத்த கையில்லா அது?”

தம்பி ஸ்பானரை நிறுத்தவில்லை. வண்டிக்கு அடியில் கிடந்தபடியே, “அவனுவ படிச்சவனுவ மச்சான். வண்டி நின்னா வேற வண்டி வாங்குவானுவ. இவனுவளுக்கு நின்னா மீனு நாறிரும்” என்றான்.

“அப்போ விசா?”

“நீரு போவும். உமக்கு கேட் தொறக்கத் தெரியும்லா?”

அஜிதா சிரிப்பை அடக்க உள்ளே ஓடினாள். சிவபிரசாத் கிளம்பினான். மீன் தண்ணீரில் கால் படாமல் காருக்குப் போக அவனுக்கு இடமிருக்கவில்லை. நான் வாளியையும் துடைப்பத்தையும் எடுத்து, அவன் போன பிறகு முற்றத்தைக் கழுவத் தொடங்கினேன்.