பன்றி இல்லாத முயல்

போன சனிக்கிழமை, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பெர்தொனே தெருவில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் நின்று முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள்.

“தம்பி, நீங்கள்தானே பேப்பரிலை ஒவ்வொரு கிழமையும் எழுதிறது?”

எழுதுகிறவனுக்கு இதைவிட இனிப்பான கேள்வி உண்டா? முருங்கைக்காயைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றேன். எழுபதை நெருங்கும் ஒரு மனிதர். தோளில் துணிப்பை, கையில் சுருட்டிப் பிடித்த நம் பத்திரிகை. பெயர் சிவநேசன் என்றார். புறநகரான வில்லியே லே பெல்லில் இருந்து ரயில் பிடித்து வந்திருக்கிறார்.

பாராட்டப் போகிறார் என்று பல்லைக் காட்டத் தயாரானேன். அவர் கேட்டதோ வேறு.

“பன்றி இல்லாத கிமோவ் எங்கை வாங்கலாம் தம்பி? போன வருசம் நீங்கள்தானே அதைப் பற்றி எழுதினது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

பிரான்சுக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கிமோவ் என்றால் மார்ஷ்மெல்லோ. சீனியையும் காற்றையும் அடித்துச் செய்த, பஞ்சு மாதிரியான இனிப்பு. இங்கே ‘பாக்’ என்று சொல்கிற ஈஸ்டர் காலம் வந்தால் போதும்... அது ரோஸ் நிற முயலாகவும் மஞ்சள் கோழிக்குஞ்சாகவும் உருவெடுத்து சூப்பர்மார்க்கெட் வாசலுக்கே வந்துவிடும். பண்டிகை முடிந்த மறுவாரம் தேடினாலும் கிடைக்காது.

அதில் அப்படி என்னதான் இருக்கிறது? வாசம் இல்லை. கடிக்க ஒன்றும் இல்லை. வாயில் வைத்தால் கரைந்து போகும், தித்திப்பு மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். ஆனாலும் வருடம் தவறாமல் பெரியவர்களே வாங்குகிறார்கள் — பிள்ளைகளுக்கு என்று சொல்லி வாங்கி, வீடு போய்ச் சேருமுன் பாதியை முடித்துவிடுகிறார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ருசிக்காக இல்லை என்றுதான் நினைக்கிறேன். முயல் கடைக்கு வந்துவிட்டதென்றால் குளிர் போய்விட்டது, இன்னொரு வருடத்தையும் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். அந்தத் தைரியத்துக்காகத்தான் வாங்குகிறோம்.

போன வருடம் நான் எழுதியது இப்படியெல்லாம் இல்லை. நக்கல். கிமோவைக் கட்டியாக்குகிற ஜெலட்டின் பெரும்பாலும் பன்றித் தோலில் இருந்து வருகிறது என்று எங்கோ வாசித்துவிட்டேன். விடுவேனா? வெள்ளிக்கிழமை விரதம் இருந்துவிட்டுச் சனிக்கிழமை முயல் வேடத்தில் பன்றி சாப்பிடும் சைவப் பெருமக்களே என்று ஆரம்பித்து ஒரு ஆட்டம் ஆடினேன். அந்த வாரம் தொலைபேசி ஓயவில்லை. லா சப்பல் தேநீர்க் கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க, நாலு பேர் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

“உங்களுக்கோ அண்ணை?” என்று கேட்டேன்.

“இல்லை, என்ரை மனிசிக்கு. வாற மாசம் ஆட்டத் திவசம், அவ போய் ஒரு வருசம். படையலிலை வைக்கோணும். அதுக்கிடையிலை பாக் முடிஞ்சிடும், பிறகு கடையளிலை இராது. இப்பவே வாங்கி வைச்சாத்தான் உண்டு.”

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். போனவருக்கு எது பிடிக்குமோ அது இலையில் இருக்க வேண்டும். பாரிசில் வாழை இலையில் குரோசான் வைத்துக் கும்பிட்டதையும் நான் பார்த்திருக்கிறேன்.

“ஐயர் ஒண்டும் சொல்ல மாட்டாரோ?”

“ஐயருக்கு கிமோவ் எண்டா என்னெண்டே தெரியாது” என்றார். சிரிக்கவில்லை.

தேடித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். முகவரியையும் வாங்கிக்கொண்டேன்.

தேடுவது அப்படிச் சுலபமாக இல்லை. எங்கள் கடைகளில் கேட்டால், “அதுகள் இஞ்சை இல்லை அண்ணை” என்றார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு ஹலால் கடை. உள்ளே போனால் அடுக்கடுக்காக கிமோவ்! பன்றியே கிடையாது! சந்தோஷத்தில் இரண்டு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். நின்ற நேரத்தில் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தேன்... மாட்டு ஜெலட்டின்.

பன்றியிடம் இருந்து தப்பி மாட்டிடம் போய்விட்டேன். ஒரு சைவ அம்மாவின் திவசத்துக்கு மாட்டைக் கொண்டுபோய் வைப்பதா? திருப்பி அடுக்கினேன். “எல்லாம் சுத்தமான ஹலால்தான் மெசியூ” என்று கடைக்காரர் மனம் நொந்துபோய்ச் சொன்னார். அவருக்கு என்னத்தை விளங்கப்படுத்துவது?

கடைசியில் பியோ என்கிற இயற்கை உணவுக் கடை ஒன்றில் அகப்பட்டது. ஜெலட்டினுக்குப் பதிலாகக் கடற்பாசி. சின்னப் பெட்டி, உள்ளே வெள்ளையும் ரோஸும். ஒரே ஒரு குறை, முயல் இல்லை. எல்லாம் சதுரம்.

ஞாயிறு பகல் வில்லியே லே பெல்லுக்குப் போனேன். மூன்றாம் மாடியில் வீடு. சுவரில் மாலை போட்ட படத்தில் அவர் மனைவி தவமணி அக்கா. நெற்றி நிறையத் திருநீறு. சிவநேசன் அண்ணை தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அக்காவுக்கு இதிலை எப்பிடி இவ்வளவு ஆசை?” என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“இஞ்சை வந்த புதுசிலை அவவுக்கு ஒரு எக்கோல் மத்தெர்னெல்லிலை, சின்னப் பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்திலை, துப்பரவு வேலை. பாஷை தெரியாது. ஒருத்தரோடையும் கதைக்க ஏலாது. பாக் வருதெண்டு ஒருநாள் ஒரு சின்னப் பிள்ளை ஓடி வந்து ஒரு முயலைக் கையிலை வைச்சிட்டுப் போட்டுதாம். அதின்ரை பெயரைக் கேட்டு, சொல்லிச் சொல்லிக்கொண்டே வீட்டை வந்தா. அவ படிச்ச முதல் பிரெஞ்சுச் சொல் அதுதான். அண்டையிலிருந்து வருசா வருசம் நான் ஒரு பக்கெட் வாங்கிக் குடுப்பன். மச்சம் மாமிசம் தொடாத மனிசி. பின்பக்கத்தை ஆர் வாசிச்சது?”

அக்காவுக்குப் புற்றுநோய். போன வருடம் இதே காலத்தில் சிமியோ என்கிற கீமோ மருந்து ஏற்றி, வாய் தொண்டையெல்லாம் புண். சோறு இறங்கவில்லை. சூப் இறங்கவில்லை. மெல்லத் தேவையில்லாமல் தானாகக் கரைந்து இறங்கியது கிமோவ் ஒன்றுதான். எதை வேண்டுமானாலும் சாப்பிடட்டும், சாப்பிட்டால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

“அந்தக் கிழமையும் வழமை போலப் பேப்பர் எடுத்து வந்தன். உங்கடையைத்தான் அவ முதல் வாசிப்பா. எனக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டுவா. அண்டைக்குப் பாதியிலை நிப்பாட்டிட்டா.”

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“எழும்பிப் போய் வாய் கொப்பளிச்சா. சாமி படத்துக்கு முன்னாலை கன நேரம் நிண்டா. பிறகு அதைத் தொடேல்லை. பகிடிக்கு எழுதியிருப்பார் எண்டு நான் சொல்லிப் பார்த்தன். ‘இல்லை, அவர் பொய் எழுத மாட்டார்’ எண்டிட்டா.”

“பிறகு?”

“பிறகென்ன தம்பி... கஞ்சித் தெளிவுதான். ஆறு கிழமை.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால், எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அக்காவைக் கொண்டுபோனது நோய்தான், நான் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆறு வாரத்துக்கும் அவவுக்கு மிஞ்சியிருந்த ஒரே தித்திப்பை நான் பறித்துவிட்டேன். எதற்கு? தேநீர்க் கடையில் நாலு பேர் சிரிப்பதற்கு.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை” என்றேன்.

“நீங்கள் என்ன செய்யிறது? உள்ளதைத்தானே எழுதினீங்கள்.”

முயல் கிடைக்கவில்லை, சதுரம்தான் கிடைத்தது என்றேன். பரவாயில்லை என்று தலையாட்டினார். பிறகு பெட்டியைப் பின்பக்கம் திருப்பி என்னிடம் காட்டினார்.

“ஒரு உதவி செய்வீங்களோ தம்பி? இதிலை எல்லாம் பிரெஞ்சிலை கிடக்கு. அவவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் சொன்னா நம்ப மாட்டா, முந்தின பன்றிக் கிமோவையும் நான்தானே வாங்கிக் குடுத்தது. நீங்கள் ஒரு துண்டிலை தமிழிலை எழுதித் தாங்கோ. இலைக்குப் பக்கத்திலை வைப்பம்.”

ஒரு பழைய கடித உறையையும் பேனையையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உறையை இரண்டு துண்டாகக் கிழித்தேன். முதல் துண்டு கோணலாகப் போய், இரண்டாவதில்தான் சரியாக எழுத வந்தது.

‘அக்கா, இதில் பன்றி இல்லை. மாடும் இல்லை. கடற்பாசிதான். சாப்பிடுங்கோ.’

“கீழை உங்கட பேரைப் போடுங்கோ” என்றார். போட்டுக் கொடுத்தேன்.

இந்த வாரம் நான் உருப்படியாக எழுதியது அது மட்டும்தான்.