அழிக்க முடியாத வரி

எழுபதுகளில், அம்பத்தூர் தொழிற்சாலை ஒன்றில் நான் ஸ்டோர் குமாஸ்தா. அங்கே கம்ப்யூட்டர் அறையில் அவர் ஆபரேட்டர். ஒல்லி உடம்பு, ஏசிக் குளிருக்குக் காதை மூடிய மஃப்ளர். பெயர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. வேலை நடுவே மெஷின் தன் கணக்குகளைக் குறித்துவைக்கும் தற்காலிக டிஸ்க்கில், ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு வரி எழுதி, படித்து, அழித்துப் பார்ப்பார்.

அன்று உதிரிபாகப் பட்டியல் மாலைக்குள் வேண்டும். மெஷினில் அது ஓடி முடிய ஐந்து மணி நேரம். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான்.

"ஏம்பா ஆபரேட்டர், இன்னும் ஆரம்பிக்கலையா?" மேனேஜர் கத்தினார்.

"டிஸ்க்ல எழுதலாம்னுதான் மெஷினே காட்டுதே, அண்ணே," என்று நானும் அவசரப்படுத்தினேன்.

"அது காட்டும் நைனா. எழுதிப் பாத்தாதான் தெரியும், இன்னா கீதுன்னு."

அவர் கொடுத்த வரியை மெஷின் எழுதியது, படித்தது. அழிக்கும்போது நின்றுவிட்டது. டிஸ்க்கில் பழுது.

அழியாத வரியை மெஷினோடு இணைந்த டைப்ரைட்டர் தடதடவென்று காகிதத்தில் அடித்தது. ஏதாவது எண்ணாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகளில் ஒரே சொல்: கீறேன். 'இருக்கிறேன்' என்பது அவர் பேச்சில் அப்படித்தான் வரும்.

அவர் அந்தக் காகிதத்தைச் சட்டென்று கிழித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, வேறு டிஸ்க் மாட்டினார். அதிலும் அதையேதான் முதலில் எழுதியிருப்பார். யாரிடம் சொன்னார்?